பழைய கணினி விளையாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர: மெய்நிகர் கணினியில் சேமிக்கும் வழி

டேஞ்சரஸ் டேவ் விளையாட்டில் மொத்தம் பத்து லெவல்கள். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும், கதவைத் தாண்டினால்தான் அடுத்த லெவல். ஏழாவது லெவல் வரை வந்தபின் உயிர்கள் தீர்ந்தாலும் சரி, மின்சாரம் போனாலும் சரி, அம்மா கடைக்குப் போகச் சொன்னாலும் சரி, மறுபடியும் முதல் லெவல்தான். ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி அதில் கிடையாது. ஜான் ரோமெரோ உருவாக்கி 1990-இல் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி இயக்கும் இயங்குதளம்) கணினிகளுக்கு வந்த அந்த விளையாட்டை நம் ஊர்ப் பள்ளிக் கணினி ஆய்வகங்களில் விளையாடியவர்கள் ஏராளம். கடைசி லெவலைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

சேமிக்கும் வசதி உள்ள பழைய விளையாட்டுகளிலும் அது அரைகுறைதான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் மூன்றாவது லெவலிலிருந்துதான் சேமிக்க முடியும். கண்ட்ரோல் விசையோடு ஜி அழுத்தினால், எந்த லெவல், எத்தனை நிமிடம் மீதி என்பது பதிவாகும். லெவலுக்குள் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பது பதிவாகாது. திரும்ப வரும்போது லெவலின் தொடக்கத்தில்தான் நிற்பீர்கள். கமாண்டர் கீன் முதல் பாகத்தில் வரைபடத் திரையில் இருக்கும்போது மட்டுமே சேமிக்கலாம். ஒரு லெவலுக்குள் நுழைந்துவிட்டால் முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

கோடையில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் பென்னாகரம் பக்கமோ தேன்கனிக்கோட்டைப் பக்கமோ மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மடிக்கணினியின் பேட்டரியும் பழையதாக இருந்தால் அரை மணி நேர ஆட்டம் கண்ணெதிரே போய்விடும். வேலை முடிந்து இரவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு விளையாட்டைச் சிறிது சிறிதாக முடிக்க நினைப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விளையாட்டுக்குள் புதிதாக ஒரு சேமிக்கும் வசதியை நாம் சேர்க்க முடியாது. ஆனால் அந்த விளையாட்டு ஓடும் கணினியையே, ஓடிக்கொண்டிருக்கும் நொடியில் அப்படியே பதிவுசெய்து வைக்க முடியும்.

மெய்நிகர் கணினி என்பது என்ன

உங்கள் கணினிக்குள் ஒரு மென்பொருள், இன்னொரு முழுக் கணினி இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அதற்கென்று நினைவகம் உண்டு, ஹார்டு டிஸ்க் உண்டு, திரை உண்டு. அந்த ஹார்டு டிஸ்க் உண்மையில் உங்கள் கணினியில் இருக்கும் ஒரு கோப்பு. நினைவகமும் உங்கள் ரேமிலிருந்து கடனாக எடுத்த ஒரு பகுதி. எல்லாமே வெறும் தரவு என்பதால், ஒரு கணத்தில் இருந்த நிலையை முழுவதுமாக எழுதி வைத்து, பிறகு அதே கணத்துக்குத் திரும்ப முடிகிறது. உள்ளே ஓடும் விளையாட்டுக்கு இது தெரியவே தெரியாது. இளவரசன் பாதித் தூரம் ஓடியிருந்தால், ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போதும் அங்கிருந்தே ஓடுவான்.

இதைச் செய்யும் மென்பொருள்களில் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது விர்ச்சுவல்பாக்ஸ். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்; கட்டளைகள் தட்டாமல் மெனு வழியாகவே எல்லாவற்றையும் செய்யலாம். 2007-இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது. இப்போது ஆரக்கிளிடம் இருக்கிறது.

தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். விளையாட்டின் சொந்தச் சேமிப்பு முதலாவது. அது மெய்நிகர் வட்டில் ஒரு சிறு கோப்பாக உட்காரும். மெய்நிகர் கணினியின் சன்னலை மூடும்போது ‘சேவ் தி மெஷின் ஸ்டேட்’ என்று கேட்குமே, அது இரண்டாவது. புத்தகத்தில் பக்கத்தை மடித்து வைப்பதுபோல ஒரே ஓர் இடம்தான். திறந்ததும் அந்த அடையாளம் போய்விடும். மூன்றாவதுதான் ஸ்நாப்ஷாட். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், பெயர் வைக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் எத்தனை முறையும் திரும்பலாம். நமக்கு முக்கியம் மூன்றாவது.

உங்கள் கணினி இதற்கு ஏற்றதா

விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல், செயலியில் மெய்நிகராக்க வசதி இருந்தே ஆக வேண்டும். விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டால் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி தெரியும். ‘எனேபிள்டு’ என்று இருந்தால் போதும். ‘டிஸேபிள்டு’ என்றால் கணினியை மறுபடி இயக்கி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் சென்று அந்த வசதியை இயக்க வேண்டும். பயாஸுக்குள் நுழையும் விசை கணினிக்குக் கணினி மாறும்; பெரும்பாலும் கணினி இயங்கத் தொடங்கும் முதல் நொடிகளில் திரையின் அடியில் எழுதியிருக்கும்.

2011-இல் தொடங்கி அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகம்தான். டாஸ் விளையாட்டுக்கு அது தாராளம், ஏனென்றால் டாஸுக்கு 64 எம்பி கொடுத்தாலே மிச்சம். அந்த மடிக்கணினியின் செயலியில் மெய்நிகராக்கம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கடைசியில் சொல்லும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் வழியே உங்களுக்குப் போதும்.

ஹைப்பர்-வி என்ற விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் அடிப்பட்டையில் பச்சை ஆமை ஒன்று தெரியும். மெய்நிகர் கணினி மெதுவாக ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலும் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கணினியை அமைப்பது

விர்ச்சுவல்பாக்ஸை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அடுத்து ஃப்ரீடாஸ். பழைய டாஸுக்கு மாற்றாக 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய திட்டம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். லைவ் சிடி என்ற வட்டுப் படிமத்தை, அதாவது ஒரு சிடியில் உள்ளது முழுவதையும் அடக்கிய கோப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இணைப்பில் இறக்குபவர்கள் அன்றைய டேட்டா எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சில நூறு எம்பி ஆகும்.

விர்ச்சுவல்பாக்ஸில் ‘நியூ’ அழுத்தி, ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகும் என்பதால் இங்கே மட்டும் ஆங்கில எழுத்துகளில் வைப்பது நல்லது. வகையாக ‘அதர்’, பதிப்பாக ‘டாஸ்’ தேர்ந்தெடுங்கள். நினைவகம் 64 எம்பி, ஹார்டு டிஸ்க் 500 எம்பி. இதைவிடப் பெரிதாக வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் நினைவகத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதும். 64 எம்பி என்றால் இருபது ஸ்நாப்ஷாட் எடுத்தாலும் இடம் அதிகம் போகாது. தாராளமாக 2 ஜிபி கொடுத்தவர்கள் வட்டு நிறைந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள்.

ஃப்ரீடாஸ் படிமத்தை மெய்நிகர் கணினியின் ஆப்டிகல் டிரைவில் (சிடி டிரைவில்) வைத்து இயக்குங்கள். ஹார்டு டிஸ்க்கில் நிறுவும் வரியைத் தேர்ந்தெடுங்கள். வட்டைப் பிரிக்கட்டுமா என்று கேட்கும், சம்மதம் சொல்லுங்கள். ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். வந்ததும் வட்டை ஃபார்மட் செய்யக் கேட்கும், அதற்கும் சம்மதம். பயப்பட வேண்டாம். அழிவது 500 எம்பி கோப்பின் உள்பகுதி மட்டும். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் திருமணப் படங்களை இது தொடாது. எளிய டாஸ் நிறுவலே போதும். முடிந்ததும் ‘டிவைசஸ்’ மெனுவில் வட்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். எடுக்க மறந்தால் நிறுவும் திரையே திரும்பத் திரும்ப வரும்.

மவுஸ் மெய்நிகர் கணினிக்குள் சிக்கிக்கொண்டதுபோல் தோன்றினால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள், வெளியே வந்துவிடும். இதற்கு ஹோஸ்ட் விசை என்று பெயர். சில மடிக்கணினிகளில் வலப்பக்கக் கண்ட்ரோலே இருக்காது. அவர்கள் விருப்ப அமைப்புகளில் உள்ளீட்டுப் பகுதிக்குப் போய் வேறு விசையை வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டை உள்ளே கொண்டுபோவது

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. பகிர்வுக் கோப்புறை வசதி டாஸுக்கு வேலை செய்யாது. ஆகவே விளையாட்டுக் கோப்புறையை ஒரு சிடி போலாக்கித்தான் உள்ளே செருக வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸிலேயே அதற்கு வழி உண்டு. ஆப்டிகல் டிரைவ் மெனுவில் வட்டுப் படிமத்தைத் தேர்ந்தெடுக்கும் சன்னலைத் திறந்தால் ‘கிரியேட்’ என்ற பொத்தான் இருக்கும். அங்கே உங்கள் கோப்புறையைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் வீசோ என்ற தற்காலிக வட்டு உருவாகும். கோப்புறையின் பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸ் அதற்கு மேல் நீண்ட பெயர்களைப் புரிந்துகொள்ளாது.

டாஸுக்குள் அந்த வட்டு பெரும்பாலும் டி (D) டிரைவாகத் தெரியும். அங்கிருந்தே விளையாட வேண்டாம். சிடியில் எதையும் எழுத முடியாது என்பதால் விளையாட்டின் சொந்தச் சேமிப்பும் அதிக மதிப்பெண் பட்டியலும் வேலை செய்யாமல் போகும். நகலெடுக்கும் எக்ஸ்காப்பி கட்டளையில் எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் கொடுத்து, கடைசியில் சாய்கோடும் எஸ் எழுத்தும் (/S) சேர்த்தால் உட்கோப்புறைகளோடு சி டிரைவுக்கு வந்துவிடும்.

எந்த விளையாட்டில் பழகலாம்? பழையது என்பதாலேயே ஒரு விளையாட்டு இலவசமாகிவிடாது. பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்களிடம் அசல் வட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஷேர்வேராக, அதாவது பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளிவந்த பாகங்களில் தொடங்குங்கள். 1990-இல் வந்த கமாண்டர் கீன் முதல் பாகமும் 1992-இல் வந்த உல்ஃபன்ஸ்டைன் 3டி முதல் பாகமும் அப்படி வந்தவையே. பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு காலத்தில் விற்ற ‘நூறு விளையாட்டு’ சிடிகள் இன்னும் யாரிடமாவது இருந்தால், அவற்றை வைரஸ் சோதனை செய்யாமல் செருக வேண்டாம்.

விளையாட்டு ஒருமுறை சரியாகத் திறந்ததும் வெளியே வந்து, டாஸ் திரையில் நிற்கும்போது முதல் ஸ்நாப்ஷாட்டை எடுங்கள். ‘சுத்தம்’ என்று பெயர் வையுங்கள். பின்னால் எது கெட்டாலும் இங்கே திரும்பலாம்.

எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது

எடுக்கும் முறை எளிது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்ட் விசையோடு டி (T) அழுத்துங்கள், அல்லது ‘மெஷின்’ மெனுவில் ‘டேக் ஸ்நாப்ஷாட்’ தொடுங்கள். பெயர் கேட்கும், கொடுத்து ஓகே சொன்னால் சில நொடிகளில் முடிந்துவிடும், ஆட்டம் தொடரும். எந்தக் கணத்தில் எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவையே எடுத்துக்கொள்வோம். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். முதலில் எஸ்கேப் விசையை அழுத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் இளவரசனின் இரண்டு கால்களும் தரையில் இருக்கட்டும். கீழே முள் இல்லை, பக்கத்தில் காவலாளி இல்லை, நிற்கும் பலகை ஆடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். தாவிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்நாப்ஷாட்டைத் திறந்தால், உங்கள் விரல் விசைக்குப் போவதற்குள் அவன் பள்ளத்தில் இருப்பான். எத்தனை முறை திறந்தாலும் அதே பள்ளம்தான்.

அடுத்து, எந்த விசையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள். இந்த விளையாட்டில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தால் மெல்ல அடியெடுத்து வைப்பான். ஷிஃப்டைப் பிடித்திருந்த கணம் பதிவானால், பிறகு திறக்கும்போது உள்ளே இருக்கும் கணினி அந்த விசை இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகவே நினைக்கும். அப்படி ஆகிவிட்டால் அதே விசையை ஒருமுறை தட்டி விடுங்கள், சரியாகும்.

மூன்றாவது, பெயர். ஸ்நாப்ஷாட் 1, ஸ்நாப்ஷாட் 2 என்று அது தானாகக் கொடுக்கும் பெயர்களை விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் உங்களுக்கே புரியாது. இளவரசனின் விளையாட்டில் இடைவெளி விசையைத் தட்டினால் எத்தனை நிமிடம் மீதி என்று தெரியும். திரையின் இடது அடியில் சிவப்பு முக்கோணங்கள் உயிரின் அளவைக் காட்டும். இரண்டையும் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: ‘லெவல் 5 தொடக்கம், 46 நிமிடம், உயிர் 4’. தமிழிலேயே எழுதலாம். கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டியும் உண்டு. ‘வலப்பக்கக் கதவு திறந்திருக்கிறது, பலகை மேல் நிற்காதே’ என்று நாளைய உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்க அது பயன்படும்.

நிமிடத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்தாவது லெவலை எட்டும்போது ஐந்தே நிமிடம் மீதி என்றால், அந்த இடத்தில் நூறு ஸ்நாப்ஷாட் இருந்தும் பயனில்லை, கோட்டைக்குள் நேரம் தீர்ந்துவிடும். அப்போது பட்டியலைப் பார்த்து, எந்த லெவலில் அதிக நிமிடம் கரைந்தது என்று கண்டுபிடித்து, அந்த லெவலின் தொடக்கத்துக்குத் திரும்பி அதை மட்டும் வேகமாக விளையாட வேண்டும். நான்காவது லெவலில் ஒன்பது நிமிடம் செலவானது என்று பெயர்களே காட்டிக்கொடுக்கும். விளையாட்டின் சொந்தச் சேமிப்பை வைத்து இப்படித் திட்டமிட முடியாது.

இது ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டியில் விளையாடும்போது இதைச் செய்தால் ஏமாற்றுதான். வீட்டில் தனியாக விளையாடும்போது யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அடுத்த அடியில் விழுந்துவிடுவோமோ என்ற படபடப்புதான் இந்த விளையாட்டுகளின் உயிர். அதை எடுத்துவிட்டால் வெறும் படங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஆகிவிடும். லெவலின் தொடக்கத்தில் ஒன்று, எழுந்துபோக வேண்டியிருந்தால் ஒன்று. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போதும் இந்த அளவையே சொல்லிக்கொடுங்கள். தோற்று, மறுபடி முயன்று, ஒரு லெவலைத் தாண்டும் மகிழ்ச்சி அவர்களுக்கும் வேண்டும்.

திரும்பிப் போவது

மெய்நிகர் கணினியின் சன்னலை மூடுங்கள். வரும் பெட்டியில் ‘பவர் ஆஃப்’ தேர்ந்தெடுத்தால், அதன் கீழே கடைசி ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து மூடி, மறுபடி ‘ஸ்டார்ட்’ அழுத்தினால் பதிவான கணத்தில் நிற்பீர்கள். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால், கணினி அணைந்திருக்கும்போது முதன்மைச் சன்னலில் ஸ்நாப்ஷாட் பட்டியலைத் திறந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டோர்’ அழுத்துங்கள்.

அப்போது, இப்போதைய நிலையையும் ஒரு ஸ்நாப்ஷாட்டாக எடுத்துக்கொள்ளவா என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். திரும்பிப் போகும்போது நினைவகம் மட்டுமல்ல, ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே பின்னால் போகிறது. செவ்வாய்க்கிழமை ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால், புதன்கிழமை விளையாட்டுக்குள்ளேயே சேமித்த கோப்பு இருக்காது. வியாழக்கிழமை வாங்கிய அதிக மதிப்பெண்ணும் பட்டியலில் இருக்காது. அன்று உள்ளே நகலெடுத்த புது விளையாட்டும் இருக்காது. இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் முதலில் இப்போதைய நிலையை ஸ்நாப்ஷாட்டாக எடுத்துவிட்டுப் பிறகு திரும்புங்கள்.

பழைய ஸ்நாப்ஷாட்டிலிருந்து புதிதாக விளையாடினால் பட்டியலில் ஒரு கிளை பிரியும். ஒரே மடிக்கணினியை இரண்டு பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் இது மிகவும் உதவும். ‘சுத்தம்’ என்ற ஸ்நாப்ஷாட்டிலிருந்து அக்காவுக்கு ஒரு கிளை, தம்பிக்கு ஒரு கிளை. எழும்போது ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து அவரவர் பெயரை முன்னால் எழுதிவிட்டால், என் ஆட்டத்தை அழித்துவிட்டான் என்ற சண்டை வராது.

வேண்டாத ஸ்நாப்ஷாட்டை நீக்கினால் அந்தக் கணத்துக்குத் திரும்பும் வழி மட்டும்தான் போகும். இப்போதைய ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. நீக்கும்போது வட்டுக் கோப்புகள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவதால் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். பாதியில் கணினியை அணைக்க வேண்டாம்.

ஸ்நாப்ஷாட் காப்பு நகல் ஆகாது

போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரில் ஒட்டு மாங்கன்று வாங்கி நட்டவர்களுக்குத் தெரியும்: மேலே ஒட்டிய கிளை எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும், அடிச்செடி பட்டுப்போனால் எல்லாம் போச்சு. ஸ்நாப்ஷாட்டும் அப்படித்தான். முதலில் உருவாக்கிய வட்டுக் கோப்பின் மீது, அதன்பின் ஏற்பட்ட மாற்றங்களை மட்டும் எழுதும் கோப்புகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இடம் போதவில்லை என்று அந்த அடிக்கோப்பை யாராவது அழித்துவிட்டால், எல்லா ஸ்நாப்ஷாட்டும் ஒரே நேரத்தில் பயனற்றுப்போகும். மெய்நிகர் கணினியின் கோப்புறைக்குள் கைவைத்து எதையும் நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். எதைச் செய்தாலும் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாகவே செய்யுங்கள்.

காப்பு நகல் வேண்டுமென்றால் மெய்நிகர் கணினியை முழுவதும் அணைத்து, விர்ச்சுவல்பாக்ஸையும் மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். ‘எக்ஸ்போர்ட்’ வசதி இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தினால் இப்போதைய வட்டு மட்டும்தான் போகும். ஸ்நாப்ஷாட்டுகள் உடன் போகாது.

ஒலி, வேகம், மாற்று வழிகள்

டேவ், கீன் போன்ற விளையாட்டுகள் கணினியின் உள்ளிருக்கும் சிறு ஸ்பீக்கரை நம்பி ஒலி எழுப்பியவை. விண்டோஸில் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் அந்த ஒலி வராது. சவுண்டு பிளாஸ்டர் என்ற ஒலி அட்டைக்காக எழுதிய விளையாட்டுகளுக்கு, மெய்நிகர் கணினியின் ஆடியோ அமைப்பில் சவுண்டு பிளாஸ்டர் 16 தேர்ந்தெடுத்தால் ஒலி கிடைக்கும். இன்னொரு சிக்கல் வேகம்: மெதுவான செயலியை மனதில் வைத்து எழுதிய சில விளையாட்டுகள் இன்றைய செயலியில் தலைதெறிக்க ஓடும்.

இந்த இரண்டு தொல்லையும் இருந்தால் டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்கு மாறிவிடுங்கள். இலவசம், மெய்நிகராக்க வசதி கேட்காது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். டாஸ் அதற்குள்ளேயே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. உங்கள் விளையாட்டுக் கோப்புறையை ஒரு டிரைவாக இணைத்தால் போதும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், சிறு ஸ்பீக்கர் ஒலியும் வரும். ஓடும் ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் மெனுவிலேயே இடம் இருக்கிறது. எண்ணிட்ட அறைகளில் சேமிக்கலாம். இதில் சேமிப்பது நினைவகத்தின் நிலையை. உங்கள் கோப்புறை வெளியே அப்படியே இருக்கும். ஆகவே விளையாட்டுக்குள்ளேயே சேமித்த கோப்புகள் பின்னால் போகாமல் தங்கும். உண்மையைச் சொன்னால், டாஸ் விளையாட்டு ஒன்றை மட்டும் முடிக்க நினைப்பவர்களுக்கு இதுவே குறுக்கு வழி. கிளைகள், பெயர்கள், ஒரே பெட்டிக்குள் பல விளையாட்டுகள் என்று ஒழுங்காக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸோடு இருங்கள்.

விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் அவ்வளவாக ஒத்துவராது; திரைக்கும் ஒலிக்கும் நிறையப் போராட வேண்டியிருக்கும். பழைய கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் போலச்செய்யும் 86பாக்ஸ் அதற்கு ஏற்றது. அதில் ஸ்நாப்ஷாட் கிடையாது என்பதால், அணைத்துவிட்டு வட்டுக் கோப்பை நாளுக்கொரு நகல் எடுத்து வைப்பதே வழி. அந்தக் காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை தாமாகவே நன்றாகச் சேமிக்கும் என்பதால் அது போதும். விண்டோஸ் எக்ஸ்பி விளையாட்டுகளில் முப்பரிமாணம் இல்லாதவை விர்ச்சுவல்பாக்ஸில் நன்றாகவே ஓடும். நினைவகம் 512 எம்பி என்றால் ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் அதற்கேற்பப் பெரிதாகும் என்பதை மட்டும் மனதில் கொள்ளுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று அறிவிப்பு வரும்போது உடனே நிறுவிவிடாதீர்கள். ஓடும் நிலையில் எடுத்த ஸ்நாப்ஷாட்டும், மூடும்போது சேமித்த நிலையும், அவற்றை எடுத்த பதிப்பைச் சார்ந்தவை. வேறு பதிப்பிலோ வேறு வகைச் செயலி உள்ள கணினியிலோ அவை திறக்க மறுக்கலாம். பாதியில் இருக்கும் ஆட்டத்தை முதலில் முடியுங்கள். முடியாவிட்டால் விளையாட்டின் சொந்தச் சேமிப்பு இருந்தால் அதில் சேமித்து, டாஸை முறையாக அணைத்து, அணைந்த நிலையில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துவிடுங்கள். அணைந்த நிலையில் எடுத்ததில் வட்டு மட்டுமே இருப்பதால் புதிய பதிப்பிலும் அது திறக்கும். டேவ் போலச் சேமிப்பே இல்லாத விளையாட்டு என்றால், பத்தாவது லெவலைத் தாண்டும் வரை பழைய பதிப்பே இருக்கட்டும்.